பெரிய தலை போன பிறகு ரிங்ல யார் இருப்பாங்க?

ஸ்கூல் படிக்கும்போது என் பையில புத்தகத்தை விட பத்திரமா இருந்தது ஒரு கட்டு டபிள்யூடபிள்யூஈ கார்டு. ரேங்க், உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ்னு வரிசையா நம்பர் போட்டிருக்கும். உங்ககிட்டயும் ஒரு கட்டு இருந்திருக்கும். அண்டர்டேக்கர் கார்டு கைக்கு வந்துட்டா அன்னிக்கு லஞ்ச் பீரியட் நம்மளோடது. பேர் தெரியாத புது ஆள் கார்டு வந்தா முகம் சுருங்கிடும். இந்தக் கட்டுரை அந்தப் பேர் தெரியாத கார்டுக்காக எழுதுறது.

ரெஸ்லிங் ஷோ நடத்துற கம்பெனியை அந்தத் துறையில 'ப்ரமோஷன்'னு சொல்வாங்க. ஆபீஸ்ல கிடைக்கிற ப்ரமோஷன் இல்ல, இது வேற. 2019 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் அப்படி ஒரு புது ப்ரமோஷன் அறிவிக்கப்பட்டது: ஆல் எலீட் ரெஸ்லிங், சுருக்கமா ஏஇடபிள்யூ. பணம் டோனி கான் குடும்பத்துடையது. கூட நின்னவங்க கோடி ரோட்ஸ், கென்னி ஒமேகா, யங் பக்ஸ் சகோதரர்கள். அதே வருஷம் அக்டோபர் 2 முதல் டிஎன்டி சேனலில் வாரா வாரம் 'டைனமைட்' நிகழ்ச்சி. அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை ரசிகர்கள் நடுவுல இன்னும் ஓயல: புதுசா ஆரம்பிச்ச கம்பெனி தன் வீட்டுல வளர்ற பசங்களை முன்னால நிறுத்தணுமா, வேற இடத்துல பேர் வாங்கிட்டு வந்த பெரிய தலைகளை நிறுத்தணுமா?

என் பதில் வீட்டுப் பிள்ளைங்க பக்கம்தான். ஆனா 'வயசானவங்களை எல்லாம் வெளிய அனுப்பு'ன்னு கத்துற கூட்டத்தோட நான் இல்ல. ஏன்னு சொல்றேன்.

'யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே எழுதி வச்சதுதானே, இதுல என்ன நியாயம் அநியாயம்?' என்று நீங்கள் கேட்கலாம். எழுதி வச்சதுதான். அதனாலதான் நியாயம் பேச வேண்டியிருக்கு. கிரிக்கெட்டில் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் சீனியர் பவுலரை சிக்ஸ் அடிச்சா, அந்த ஆறு ரன்னை யாரும் மறைக்க முடியாது. ரெஸ்லிங்கில் அப்படி ஒரு ஸ்கோர்போர்டு கிடையாது. எவ்வளவு திறமை இருந்தாலும், உள்ள உட்கார்ந்து கதை எழுதுறவர் 'இன்னிக்கு நீ ஜெயி'ன்னு சொன்னாத்தான் ஜெயிக்க முடியும். முடிவு எழுதப்பட்டது, ஆனா விழுகிற வலி நிஜம். முதுகு, கழுத்து, முட்டி எல்லாம் நிஜமாவே தேயுது. உடம்பு ஒத்துழைக்கிற நல்ல வருஷங்கள் கொஞ்சம்தான். அந்த வருஷங்களை ஒரு ஆளை ஓரமா நிக்க வச்சே கழிச்சிட்டா, அதை எந்த கம்பெனியாலும் திருப்பித் தர முடியாது.

இப்போ எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். புதுக் கம்பெனிக்கு டிவி வேணும், டிக்கெட் விற்கணும். சேனலை மாத்திட்டே போற ஆள், தெரிஞ்ச முகத்தைப் பார்த்தாத்தான் ரிமோட்டைக் கீழ வைப்பான். ஏஇடபிள்யூ தன் முதல் உலக சாம்பியனா கிறிஸ் ஜெரிக்கோவைத் தேர்ந்தெடுத்தது அதனாலதான்னு நினைக்கிறேன். 2019 ஆகஸ்ட் 31 அன்று அவர் தோற்கடிச்சது ஹேங்மேன் ஆடம் பேஜ் என்ற இளைஞரை. ஜெரிக்கோவுக்கு அப்போ 48 வயசு. தப்பான முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, இந்தத் தொழிலை மேட்டில் விழுந்து எழுந்துதான் கத்துக்க முடியும். எப்போ வேகம் கூட்டணும், எப்போ கூட்டத்தைக் காக்க வைக்கணும், எப்படி விழுந்தா கழுத்து தப்பிக்கும் என்பதெல்லாம் அனுபவஸ்தன் எதிர்ல நிக்கும்போது வர்ற பாடம்.

இதெல்லாம் உண்மை. பழைய கம்பெனிகளும் இதே உண்மையைச் சொல்லித்தான் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கிட்டாங்க.

90களில் டபிள்யூசிடபிள்யூன்னு ஒரு ப்ரமோஷன். 1994ல் ஹல்க் ஹோகனைக் கொண்டு வந்தாங்க. கூட்டம் வந்தது, பணமும் வந்தது. ஆனா உள்ள இருந்த பசங்களுக்கு மேல ஒரு கான்கிரீட் தளம் போட்ட மாதிரி ஆச்சு. 1995ல் அவங்க வேலையை விட்டு அனுப்பிய ஸ்டீவ் ஆஸ்டின்தான் சில வருஷத்தில் எதிர்க் கம்பெனியின் பெரிய நட்சத்திரம். மேல ஏற வழியில்லாம 1999ல் வெளியேறிய இன்னொரு இளைஞர் பேர் என்ன தெரியுமா? கிறிஸ் ஜெரிக்கோ. ஆமா, அதே ஜெரிக்கோ. 2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூவையே எதிர்க் கம்பெனி வாங்கிடுச்சு.

அடுத்தது டிஎன்ஏ. பயாலஜியில் வர்ற டிஎன்ஏ இல்ல, 2002ல் ஆரம்பிச்ச ரெஸ்லிங் ப்ரமோஷன். அவங்க வீட்டுப் பிள்ளை ஏஜே ஸ்டைல்ஸ். அவங்களோட முதல் எக்ஸ் டிவிஷன் சாம்பியன். 2010 ஜனவரி 4 அன்று ஹோகனும் ரிக் ஃப்ளேரும் உள்ளே வந்தாங்க. அப்போ உலக சாம்பியனா இருந்தது ஸ்டைல்ஸ்தான். அவரை என்ன பண்ணாங்க? ஃப்ளேர் மாதிரியே பளபள அங்கி மாட்டி, ஃப்ளேரோட நகலா நடமாட விட்டாங்க. அதே சமயத்தில் ஜப்பானிலிருந்து அனுபவம் தேடி வந்திருந்த ஒரு பையனுக்கு முகமூடி மாட்டி, 'ஒகாட்டோ'ன்னு ஒரு எடுபிடி வேஷம் குடுத்தாங்க. அந்தப் பையன் கசுசிகா ஒகாடா. ஊருக்குத் திரும்பி, 2012 பிப்ரவரியில், 24 வயசில் நியூ ஜப்பானின் உச்ச பட்டத்தை ஜெயிச்சார். ஸ்டைல்ஸ் 2016ல் டபிள்யூடபிள்யூஈ சாம்பியன் ஆனார். ரெண்டு தங்கமும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருந்திருக்கு. வீட்டுக்காரங்க விருந்தாளியைக் கவனிக்கிறதுல மும்முரமா இருந்துட்டாங்க.

அப்போ தீர்வு என்ன? 'பெரியவங்க வரட்டும், ஆனா பசங்ககிட்ட தோத்துட்டுப் போகட்டும்.' நானும் ரொம்ப நாள் இப்படித்தான் பேசிட்டிருந்தேன். ரெண்டு மேட்ச் என் கணக்கைக் கலைச்சிருச்சு.

முதல் மேட்ச் 1998 ஜூலை 6, அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம். சுமார் 40,000 பேர் முன்னாடி ஹோகன் கோல்ட்பர்க்கிடம் தோற்றார். கோல்ட்பர்க் டபிள்யூசிடபிள்யூவின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் தயாரான ஆள், டிவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. என் தீர்வுப்படி பார்த்தா நூற்றுக்கு நூறு. ஆனா டிசம்பர் 27 அன்று கெவின் நாஷ் கோல்ட்பர்க்கைத் தோற்கடித்தார், அதுவும் மின் அதிர்ச்சிக் கருவியின் உதவியோடு. எட்டே நாள் கழித்து, அதே ஜார்ஜியா டோமில், ஹோகன் நாஷின் நெஞ்சில் ஒரு விரலால் லேசாகக் குத்தினார். நாஷ் அப்படியே மல்லாக்கச் சாய்ந்தார். பட்டம் மறுபடி 45 வயசு ஹோகன் இடுப்பில். ஜூலையில் குடுத்ததை ஜனவரியில் வட்டியோட பிடுங்கிட்டாங்க.

ரெண்டாவது மேட்ச் 1988 மார்ச் 27, கிரீன்ஸ்பரோ. உலக சாம்பியன் ரிக் ஃப்ளேருக்கு எதிர்ல ஸ்டிங் என்ற 29 வயசுக்காரர். 45 நிமிஷம் மோதி, நேரம் முடிஞ்சு டிரா. ஃப்ளேர் தோற்கல, பட்டத்தை விடல. ஆனா அன்னிக்கு ராத்திரி ஸ்டிங் ஒரு நட்சத்திரமா அரங்கை விட்டு வெளியே வந்தார். ஃப்ளேர் குடுத்தது வெற்றியை இல்ல, 45 நிமிஷத்தை. 'இந்தப் பையன் எனக்குச் சமமா நிக்கிறான்'னு ஊருக்கே காட்டினார்.

ஆக, கேள்வி யார் ஜெயிச்சாங்க என்பது இல்ல. பெரியவர் போன பிறகு சின்னவர் கையில் என்ன மிஞ்சுது என்பதுதான்.

இந்த அளவுகோலை வச்சு ஏஇடபிள்யூவைப் பாருங்க. அவங்க வீட்டுப் பிள்ளைங்கன்னு சொல்லும்போது நாலு பேரை 'நாலு தூண்கள்'னு சொல்வாங்க: எம்ஜேஎஃப், டார்பி ஆலின், ஜங்கிள் பாய், சாமி குவேரா. பேஜ் அந்த நாலில் இல்ல, வேற இடங்களில் ஆடிட்டு வந்தவர். ஆனா பெரிய பேர் வாங்கினது இங்கதான். அதனால அவரையும் நான் வீட்டுக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

2019ல் ஜெரிக்கோவிடம் தோற்ற பேஜ், தன்மேலேயே நம்பிக்கை இழந்து, நண்பர்களைப் பிரிந்து, ரெண்டு வருஷம் அலைஞ்சு, 2021 நவம்பர் 13 அன்று கென்னி ஒமேகாவை ஜெயிச்சு சாம்பியன் ஆனார். அந்த முதல் தோல்வி இல்லேன்னா இந்தக் கதையே இல்ல. ஜெரிக்கோ விஷயத்தில் கணக்கு சரி.

அடுத்து சிஎம் பங்க். 2022 பிப்ரவரியில் தன் சொந்த ஊரான சிகாகோவில் எம்ஜேஎஃபிடம் தோற்றார். ஏஇடபிள்யூவில் அவருடைய முதல் தோல்வி அதுதான். அடுத்த மாசம் பங்க் பழி தீர்த்தார், ஆனா எம்ஜேஎஃப் சின்னதாகிப் போகல. அதே வருஷ நவம்பரில் 26 வயசில் சாம்பியன் ஆகி, 400 நாளுக்கு மேல் பட்டத்தை வச்சிருந்தார். சபாஷ். ஆனா இதுக்கு நடுவுல, மே மாசம், பங்க் பேஜைத் தோற்கடிச்சு பட்டத்தை வாங்கினார். சில நாளில் கால் முறிவு, அறுவை சிகிச்சை. செப்டம்பரில் மறுபடி பட்டம், அன்றிரவே செய்தியாளர் சந்திப்பில் பேஜையும் கம்பெனி நிர்வாகிகளையும் வறுத்தெடுத்தார், திரைக்குப் பின்னால் கைகலப்பு, பட்டம் போச்சு. ஒரு வருஷத்தில் ஆளும் போனார். ரெண்டு வருஷமா செங்கல் செங்கலா கட்டிய பேஜ் கதைக்கு அதில் மிஞ்சினது ஒண்ணுமே இல்ல. அவர் மறுபடி அந்தப் பட்டத்தைத் தொட்டது 2025 ஜூலையில். மூணு வருஷம்! முன்னாடி சொன்னேனே, நல்ல வருஷங்கள் கொஞ்சம்தான்னு.

ஒரே ஆள், ஒரே வருஷம், ரெண்டு விதமான முடிவு. அதனால 'சீனியர்னாலே மோசம்' என்ற பேச்சு எடுபடாது. எம்ஜேஎஃபோட மோதவிட்டபோது அந்தப் பையனுக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சு எழுதியிருந்தாங்க. பேஜோட மோதவிட்டபோது பங்க்குக்கு என்ன கிடைக்கும்னு மட்டும்தான் யோசிச்சாங்கன்னு எனக்குத் தோணுது.

கடைசியா, ஸ்டிங். 2020 டிசம்பரில் அறுபதைத் தாண்டிய வயசில் ஏஇடபிள்யூவுக்கு வந்தார். மூணு வருஷத்துக்கு மேல் இருந்தார், ஒரு மேட்ச்கூட தோற்கல. 'தோத்துட்டுப் போ' கட்சிக்கு இது பிடிக்காது. ஆனா அவர் பெரும்பாலும் தனியாகப் பட்டத்தைத் தேடிப் போகல. டார்பி ஆலின் பக்கத்தில் போய் நின்னார். டார்பியைத் தன் நகலா மாத்தல. பாதி முகத்துக்குப் பெயின்ட் அடிக்கிற பழக்கம் டார்பிக்கு ஏற்கெனவே இருந்தது, அது அப்படியே இருந்தது. 2024 மார்ச் 3 அன்று 64 வயசில் கடைசி மேட்ச். இடம்? அதே கிரீன்ஸ்பரோ. எதிரில் கம்பெனியை ஆரம்பிச்ச யங் பக்ஸ். பக்கத்தில் டார்பி. ரிங் ஓரத்தில் ரிக் ஃப்ளேர். 36 வருஷத்துக்கு முன்னாடி அதே ஊரில் ஒரு பெரியவரிடம் வாங்கினதை, அங்கேயே இன்னொரு பையனிடம் குடுத்துட்டுப் போனார்.

அதனால் இளம் ப்ரமோஷன் நடத்துறவங்களுக்கு என் யோசனை இதுதான். உச்சப் பட்டம், கடைசி மேட்ச், மைக் நேரம் எல்லாம் முதல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கு. பெரிய பேர் வேணும்னா தாராளமா கூப்பிடுங்க, ஆனா கையெழுத்து வாங்கும் முன்னாடியே மூணு விஷயத்தை எழுதி வச்சிடுங்க. அவர் எந்தப் பையனோட எவ்வளவு நேரம் ரிங்ல இருப்பார்? எப்போ கிளம்புவார்? கிளம்பும்போது அந்தப் பையன் தன் சொந்த முகத்தோட நிப்பானா, அவரோட நகலா நிப்பானா? இதுக்கு பதில் இல்லேன்னா, நீங்க வாங்குறது ஒரு மாசத்துக்கான கூட்டம் மட்டும்தான்.

முடிக்கும் முன்னாடி நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போறேன். வருஷா வருஷம் கல்ச்சுரல்ஸ் போஸ்டரில் பெரிய எழுத்தில் வர்றது வெளியிலிருந்து வர்ற பாடகர் பேர். நம்ம பசங்க பேண்டுக்கு மத்தியானம் ரெண்டு மணி, சாப்பாட்டு நேரம், பாதி நாற்காலி காலி. பாடகர் ஏழு மணிக்கு வருவார், ஒன்பதுக்குக் காரேறிடுவார். மறுநாள் நமக்கு மிச்சம் கொஞ்சம் மங்கலான ஃபோன் வீடியோ.

பாடகரை வேண்டாம்னு நான் சொல்லல. நானும் முதல் வரிசைக்கு அடிச்சுக்கிற ஆள்தான். ஆனா இந்த வருஷ கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள்: நம்ம பேண்டை ஆறரை மணிக்கு ஏத்துங்க. பாடகரிடம் பேசும்போதே, ஒரே ஒரு பாட்டு நம்ம டிரம்மர், நம்ம கிட்டாரிஸ்ட் கூட பாடணும்னு கேட்டு வாங்குங்க. அவருக்கு அது அஞ்சு நிமிஷம். நம்ம பசங்களுக்கு எவ்வளவு நாள் வரும்னு ஸ்டிங்கைக் கேட்டா சொல்வார்.