வண்டி உயர்ந்தது... ஷாக் அப்சார்பர்?

ஜிம்னி வாங்கும் பலருக்கு அடுத்த ஆசை, இன்னும் கொஞ்சம் உயரம். 'ரெண்டு இன்ச் லிஃப்ட்' என்று கடையில் கேட்டால் நான்கு உயரமான ஸ்பிரிங்குகள் கிடைத்துவிடும். மாட்டியதும் வண்டி கம்பீரமாக நிற்கும். 'ஷாக் அப்சார்பர் பழசே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவு?' என்று அதை மட்டும் விட்டுவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால், ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் சட்டென்று அடங்காது, ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன், சின்னத் துளைகள் வழியாக ஆயிலைத் தள்ளும்போது ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. டயர் சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

உயரம் கூடினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஷாக் அப்சார்பர் முழுதாக அமுங்கினால் 350 மி.மீ., முழுதாக நீண்டால் 550 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது அதன் நீளம் 440. அமுங்குவதற்கு 90, நீள்வதற்கு 110 இடம் இருக்கிறது. 50 மி.மீ. உயர்த்தினால் நிற்கும் நீளம் 490 ஆகிவிடும். நீள்வதற்கு மிச்சம் வெறும் 60!

சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு 'டக்' என்று இழுபடும். அச்சின் எடை அதில் தொங்கும். இப்படியே ஓட்டினால் சீல் கெட்டு ஆயில் கசியும். மாட்டியிருக்கும் பிராக்கெட்டே உடையவும் கூடும்.

'அப்படின்னா நீளமானதை வாங்கிட்டாப் போச்சு!' என்றால், அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நீளமானது, அமுங்கிய நிலையிலும் நீளமாகத்தான் இருக்கும். 380-லிருந்து 600 வரை போகும் ஷாக் அப்சார்பர் என்றால், நிற்கும்போது இரண்டு பக்கமும் 110 மிச்சம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அச்சு மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், நீளம் 365-க்குக் குறையும்போதுதான் முழுதாக நசுங்குகிறது என்றால்? அதற்கு முன்பே, 380-லேயே ஷாக் அப்சார்பர் முட்டிவிடும். ரப்பர் வாங்க வேண்டிய இடியை அது வாங்கும். பம்ப் ஸ்டாப்பை 30 மி.மீ. கீழே இறக்கினால் 395-லேயே தடுத்துவிடும், 15 மி.மீ. இடைவெளி பத்திரமாக மிஞ்சும்.

கீழ்ப்பக்கமும் பார்க்க வேண்டும். சக்கரம் முன்பைவிட 50 மி.மீ. அதிகமாகத் தொங்கும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் அதுவரை எட்டுமா? ஸ்பிரிங் இடத்தைவிட்டு நழுவாமல் இருக்குமா?

ஆகவே, வாங்கும் முன் அளவெடுப்பதே புத்திசாலித்தனம். இது அனுபவமுள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ரப்பர் நசுங்கும்வரை அச்சை ஜாக்கியால் ஏற்றி ஓர் அளவு. பிரேக் ஹோஸ் இழுபடுவதற்குச் சற்று முன்புவரை இறக்கி இன்னோர் அளவு. முழுதாக அமுங்கும்போது முதல் அளவைவிடக் குறைவாகவும், முழுதாக நீளும்போது இரண்டாவது அளவைத் தாண்டாமலும் இருக்கும் ஷாக் அப்சார்பரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சில வண்டிகளில் அது சாய்வாக இருக்கும் என்பதால், வண்டியிலேயே அளப்பதுதான் சரி.

நீளம் பொருந்தினால் மட்டும் போதாது, பலமும் பொருந்த வேண்டும். ஸ்டீல் பம்பர், வின்ச், கூரை கேரியர் என்று எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங் தேவை. அது வேகமாக எழும்பும். அதை அடக்கப் பலமான ஷாக் அப்சார்பரும் வேண்டும். காலியாக ஓடும் வண்டிக்கு அதே செட்டைப் போட்டால், பின்சீட்டில் இருப்பவர்களுக்கு இடுப்பு வலிதான் மிச்சம். அதனால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றுக்கொன்று பொருத்தமான செட்டாக வாங்குவது நல்லது. அமுங்கிய நீளம், நீண்ட நீளம், எவ்வளவு பாரத்துக்கு என்ற மூன்றையும் கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். உயர்த்திய வண்டி அங்கே இயல்பாகவே கூடுதலாகச் சாயும். அதோடு, அடக்க ஆளில்லாமல் ஸ்பிரிங்கும் ஆடினால் என்ன ஆகும்? வீட்டிலிருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அது. எத்தனை இன்ச் உயர்ந்தது என்று மற்றவர்கள் கேட்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் கேளுங்கள்.