அவர் போட்டால் பீர், நாங்கள் போட்டால் ஊறல்

மாம்பழக் காலத்தில் திருப்பூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நல்ல பொறுப்பில் இருப்பவர், எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறவர். சமையலறை மூலையில் இருபது லிட்டர் கேன் ஒன்று இருந்தது. மூடியில் செருகிய குழாய் வழியே குமிழ் குமிழாகக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. உள்ளே அவரே போட்ட மாம்பழ பீர். மால்ட்டும் ஈஸ்ட்டும் இணையத்தில் வாங்கியவை. மாம்பழம் உடுமலைச் சந்தையில் வாங்கியது. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவையும் தானே விளைவிக்க வேண்டும் என்று மொட்டை மாடியில் கொடி வைத்திருக்கிறார். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது. ஹாப்ஸ் பூக்க நீண்ட கோடைப் பகல் வேண்டும். இமாச்சலத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் விளைவது கொங்கு நாட்டு மாடியில் எளிதில் வந்துவிடாது.

"இது சட்டப்படி குற்றம், தெரியுங்களா?" என்று கேட்டோம்.

சிரித்தார். "ஹாபிக்குச் செய்யறதுங்க. வீட்டுக்குள்ள யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அவர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் "யார் வந்து கேட்கப் போகிறார்கள்" என்கிற அந்த நிம்மதி இந்த மாவட்டத்தில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பேசியாக வேண்டும்.

1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் கள் இறக்குவதும் அதன்படி குற்றம். கேனுக்கு ஒரு பிரிவு, பானைக்கு ஒரு பிரிவு என்று சட்டத்தில் கிடையாது. சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுவாக்குகிறது என்கிற வேதியியலும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மாடி வீட்டில் அது கலை, ரசனை, பொழுதுபோக்கு. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ஊறல். பெங்களூரில் கண்ணாடிச் சுவர் வைத்த கடைகளில் மாம்பழ பீர் ஊற்றிக் கொடுப்பதைப் பத்திரிகைகள் வண்ணப் படத்தோடு எழுதுகின்றன. எங்கள் பானை உடைக்கப்படும்போது படத்தில் பானைக்குப் பக்கத்தில் தலை குனிந்தபடி எங்கள் ஆள் நிற்கிறார்.

அமராவதிப் பாசனப் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். காய் பறிக்க மரமேறிப் பிழைத்தவர். பல வருடங்களுக்கு முன் தோப்பில் கள் இறக்கியதாக வழக்கு. மரம் அவருடையது அல்ல. தோப்பும் அவருடையது அல்ல. இறக்கச் சொன்னதும் அவர் அல்ல. வழக்கு மட்டும் அவருடையதானது. மரக்காரர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

இது புதிய கதை அல்ல. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது வழக்குப் போட்டு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களை வெளியே நிறுத்தினார்கள். கள் இறக்கும் தொழில் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மரத்தை வைத்திருந்தவருக்குத் தீட்டு இல்லை, கள்ளைக் குடித்தவருக்கும் இல்லை. ஏறி இறக்கியவருக்குத்தான் தீட்டு. அன்று சாதி போட்ட கணக்கை இன்று சட்டம் தொடர்கிறது.

அரசுக்கு மதுமீது வெறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 1983இல் டாஸ்மாக் தொடங்கியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடையாயின. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. தோப்பில் இறக்குகிற கள் குற்றம், ஆலையில் வடித்த எரிசாராயத்தில் நிறம் சேர்த்த பாட்டில் அரசு வருமானம்! இதைத்தான் மதுவிலக்கு என்று நம்பச் சொல்கிறார்கள்.

"கள்ளச்சாராயச் சாவுகளை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள், தலித்துகள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைக்கான ரசாயனம், தென்னம்பாளையில் சுரப்பது அல்ல. பாட்டில் வாங்கக் காசு போதாத கூலியாளுக்கு விஷப் பொட்டலம்தான் மிச்சம் என்கிற நிலைமையை உருவாக்கிவிட்டு, செத்த பிறகு பத்து லட்சம் கொடுப்பதற்குப் பெயர் அக்கறையா?

அப்படியானால் கள்ளுக்கடையைத் திற என்று விவசாயிகள் சங்கங்களோடு சேர்ந்து நாமும் முழங்கலாமா? இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் தென்னை வைத்திருப்பவர்கள் சிரமத்தில் இருப்பது உண்மை. வெள்ளை ஈ, வாடல் நோய், நிலையில்லாத காய் விலை. "கள் எங்கள் உரிமை, கள் எங்கள் உணவு" என்கிறார்கள். அந்த "எங்கள்" என்பதற்குள் மரமேறுகிறவர் இருக்கிறாரா? 2017இல் நீரா இறக்க வழி திறந்தபோது உரிமம் தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களை நோக்கித்தான் போனது. உற்பத்தியாளர் என்றால் மரம் வைத்திருப்பவர். ஏறுகிறவர் அங்கேயும் கூலிதான்.

பழைய கள்ளுக்கடையை ஊரே ஒன்றாக உட்கார்ந்த சமத்துவபுரம் போலப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பெரியவர்களைக் கேளுங்கள். தமக்குத் தனி இடம், தனிச் சிரட்டை என்பார்கள். சாதி மாறிக் காதலித்துத் திருமணம் செய்த குற்றத்துக்காக 2016 மார்ச்சில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட ஊர் இது. கள் வந்தால் மட்டும் சிரட்டை உடைந்துவிடுமா?

இன்னொரு குரலும் இருக்கிறது. எங்கள் பெண்கள் சொல்கிறார்கள்: "டாஸ்மாக் போயி கள்ளு வந்தா என்ன, சனிக்கிழமைச் சம்பளம் வீடு வரோணும்." மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வாரக் கூலி வாங்கும் வீட்டின் குரல் அது. அதற்குப் பதில் சொல்லாத எந்தக் கள் இயக்கமும் எங்கள் தெருவுக்குள் வர வேண்டாம்.

ஆகவே நாங்கள் கேட்பது தெளிவானது. கள்ளுக்கான தடையை நீக்குவதானால் உரிமத்தை மரக்காரர் பெயரில் அல்ல, மரமேறும் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் கொடு. பொள்ளாச்சியைத் தாண்டிப் போனால் பாலக்காட்டுச் சித்தூரில் கள் இறக்குவது சட்டபூர்வமான வேலை. கேரளத்தில் கள் தொழிலாளர் நல நிதிக்கு 1969இலேயே சட்டம் போட்டார்கள். அதேபோல இங்கேயும் ஓய்வூதியமும் விபத்துக் காப்பீடும் வேண்டும். மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்கு மரக்காரர் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் நிவாரணம் ஆகாது. கள் இறக்கிய சிறு வழக்குகளைத் திரும்பப் பெறு. எந்த ஊரிலும் கடை திறக்கும் முன் அந்த ஊர்ப் பெண்களைக் கேள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். தனிக் குவளை வைக்கும் கடையின் உரிமத்தை அன்றே ரத்து செய்.

திருப்பூர் நண்பரிடமும் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் இதை நிறுத்தணும்ங்கறீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. உங்கள் கேன் உடைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. உங்கள் கதவைத் தட்டத் தயங்குகிற கை எங்கள் கதவையும் தட்டத் தயங்க வேண்டும். அதற்கு நீங்களும் வாய் திறக்க வேண்டும்.