கெனாலைத் தூர் வாருங்கள், ஸார்!

ராத்திரி இரண்டு மணிக்கு நாவலூரில் விழித்திருப்பவர்கள் மூன்று ஜாதி. அமெரிக்காக்காரனுக்காக ஷிஃப்ட் பார்ப்பவர்கள், அவர்களுக்கு டீ ஆற்றுபவர்கள், கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் உலாத்துபவர்கள். இந்த வாரம் மூன்றாம் ஜாதிக்காக. மற்ற இருவரும் படித்து வைக்கலாம். டீயில் விழுகிற சர்க்கரையைப் பார்த்தால், அவர்களும் கூடிய சீக்கிரம் மாடிக்கு வந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

ஓ.எம்.ஆருக்குக் கிழக்கே ஓடுகிற பக்கிங்ஹாம் கெனால் நமக்குத் தெரியும். பல்லுக்குள்ளும் ஒரு கெனால் ஓடுகிறது என்றால்தான் முகம் வெளுத்துப் போகிறது. விஷயம் ரொம்ப சிம்பிள். பல் என்பது வெறும் வெள்ளைக் கல் இல்லை. வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் கலந்த ஒரு கூழ். அந்தக் கூழ் வேர் வரை இறங்கும் சன்னமான பாதைதான் ரூட் கெனால். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்று. கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சமயத்தில் நாலு.

சொத்தை எனாமலோடு நின்றால் ஃபில்லிங்கோடு போயிற்று. கூழைத் தொட்டுவிட்டால்தான் கச்சேரி ஆரம்பம். ஐஸ் வாட்டர் குடித்ததும் சுளீரென்று கூசி உடனே அடங்கினால், பல்லுக்கு இன்னும் ஆயுசு கெட்டி. தண்ணீரை விழுங்கின பிறகும் வலி நின்று நிதானமாகப் பேசினால், சூடான காபிக்குத் தெறித்தால், படுத்ததும் விண்விண்ணென்றால், உள்ளே கூழ் பிழைக்காது என்று அர்த்தம்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன், சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். இத்தனை கட்டத்தையும் கிராம்புத் தைலத்திலும் வலி மாத்திரையிலும் ஓட்டினான். ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிட்டது. "பார்த்தீங்களாண்ணே, தானா சரியாயிடுச்சு!" என்று சிரித்தான். சரியாகவில்லை. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு செத்துப் போய்விட்டது. வாட்ச்மேன் செத்துப் போனால் திருட்டுப் புகார் வராது. திருட்டு நின்றுவிட்டதா என்ன? சில மாதம் கழித்து, வேர் நுனியில் சீழ் கட்டி, ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பி வந்து நின்றான்.

"ஆன்டிபயாடிக் போதாதா டாக்டர்?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. போதாது. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை அங்கே எந்த பஸ் பிடித்துப் போகும்? உள்ளே இருக்கிற அழுக்கைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதுதான் இந்த வைத்தியம்.

மரத்துப் போக ஊசி போடுவார்கள். பல்லின் தலையில் சின்ன ஓட்டை போட்டு, மயிரிழை போன்ற ஃபைல்களால் கெனாலைச் சுரண்டித் தூர் வாருவார்கள். சோடியம் ஹைபோகுளோரைட்டால் கழுவுவார்கள். துணி வெளுக்கிற பிளீச்சின் சரக்குதான். கடைசியில் கட்டபெர்ச்சா என்கிற ரப்பர் போன்ற பொருளால் அடைத்து ஸீல் வைப்பார்கள். ஒரு சிட்டிங்கிலும் முடியும், இரண்டு மூன்றும் ஆகலாம்.

இந்த கட்டபெர்ச்சா சாமானியப்பட்ட ஆசாமி இல்லை. மலேயாக் காட்டு மரத்துப் பால். உப்புத் தண்ணீர் உள்ளே புகாது என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டார்கள். 1871-ல் மதராஸையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடிக் கம்பியின் காலம் அது. கடலையே வெளியில் நிறுத்தின சரக்கு, நம் எச்சிலை நிறுத்தாதா?

"எதுக்கு இவ்வளவு? பிடுங்கிப் போட்டா தொல்லை விட்டுது" என்பவர்களுக்கு ஒரு பி.காம். கணக்கு. பிடுங்குவது சீப். ஆனால் காலி இடம் சும்மா இருக்காது. பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிறகு பிரிட்ஜ், இம்ப்ளான்ட் என்று போனால், மொத்த பில் பெரும்பாலும் ரூட் கெனாலையும் கேப்பையும் தாண்டும். ரிப்பேர் செய்யக்கூடிய சொத்தை ரைட் ஆஃப் செய்யக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். அதே சமயம், வேரே நெடுக்காகப் பிளந்துவிட்டால், தாங்குகிற எலும்பு கரைந்துவிட்டால், பிடுங்குவதுதான் நியாயம். எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு ஃபீஸ் கிடையாது.

நிறையப் பேர் கோட்டை விடுவது கடைசியில்தான். வலி போச்சு, கேப் அடுத்த மாசம் சம்பளத்துக்கு அப்புறம் என்பார்கள். துளை போட்ட கடைவாய்ப் பல் பலம் குறைந்தது. ஒரு முறுக்கு போதும், இரண்டாகப் பிளக்க. அத்தனை செலவும் நஷ்டக் கணக்கு.

ரூட் கெனால் செய்த பல் உடம்பு பூராவும் விஷம் பரப்பும் என்று வாட்ஸப்பில் மாமா ஒருவர் அனுப்பியிருப்பார். அது நூறு வருஷத்துக்கு முந்தைய பீதி. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் மான்ட்ரியாலில் பேசின பேச்சால் கிளம்பியது. அதை நம்பி ஏகப்பட்ட பேர் நல்ல பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதைத் தள்ளிவிட்டன.

பர்ஸ் இளைத்தவர்களுக்கு: கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. திருவான்மியூர் வரை பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில். க்யூ இருக்கும், ஒரு லீவு எழுதிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. வீக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி.

மற்றவர்களுக்கு அவ்வளவு அவசரமில்லை. நாளைக்குக் காலையில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் போதும். மேனேஜரிடம் பெர்மிஷன் கேட்கும்போது பல்லைக் காட்டிச் சிரிப்பீர்களே, அந்தப் பல்லுக்காகத்தான் இத்தனையும்.