சதம் ஒன்று குறைந்தால்

வெள்ளவத்தைக் காலி வீதிக் கடையொன்றிலே கணினி அச்சிட்ட சிட்டையும் நாம் விரல்விட்டுக் கூட்டிய தொகையும் ஒரு சதத்தால் வேறுபட்டால், நேயர்களே, உடனே கடைக்காரரை ஐயுறல் தகாது. சதநாணயம் கைமாறுவது அருகிவிட்டதெனினும், 1872 முதல் நமது ரூபாய் நூறு சதமே. கணக்கேட்டில் அதற்கு இன்றும் இடமுண்டு.

மூன்றிலொன்றை நாம் 0.333 என முடிவின்றி எழுதுகிறோமல்லவா? சுழியும் ஒன்றும் மட்டுமே அறிந்த இயந்திரத்துக்குப் பத்திலொன்றும் அத்தகையதே. விலைக்கழிவில் எழும் 1.005 ரூபாயை மிதவைப்புள்ளி எண்ணாகக் கொடுத்தால், அது இம்மியளவு குறைத்தே வைத்துக்கொள்ளும். இரு தசம தானங்களுக்கு மட்டந்தட்டுங்கால் 1.01 வராது, 1.00 வரும்.

இம்மிதானே என்பார்க்கு வங்கூவர் பங்குச் சந்தையின் கதை போதும். 1982இல் 1000 புள்ளியில் தொடங்கிய அதன் சுட்டெண், ஒவ்வொரு கணிப்பிலும் மூன்றாந் தசமத்துக்கு அப்பாலுள்ளவற்றை மட்டந்தட்டாமல் வெட்டியெறிந்தமையால், 1983 நவம்பரில் 524 அளவுக்குத் தேய்ந்தது. திருத்தியபோதோ 1098ஐக் கடந்து நின்றது!

மருந்து எளிதுதான்: தரவுத்தளத்திலே பணத்தைத் தசம வகை எண்ணாகவே வைத்து, இறுதியில் ஒரேயொரு முறை மட்டந்தட்டுதல். ஆயினும் முன்னரே பதிவான பிழைகள் வகையை மாற்றியதால் மட்டும் நீங்கா. அவற்றை மூலச் சிட்டைகளோடு ஒப்பிட்டே திருத்தல் வேண்டும்.