வந்த அன்றே தீர்ப்பா?

2024 மே 19 ஆம் தேதி இரவு எங்கள் விடுதிப் பொது அறையில் நாற்பது பேர் கண் கலங்கி நின்றோம். எவர் வீட்டிலும் துக்கமில்லை. தேர்வு முடிவும் வெளியாகவில்லை. லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் மானேஜர் யூர்கன் க்ளோப் அன்று விடைபெற்றார். அவ்வளவுதான் செய்தி! எந்த ஊரோ, எந்த நாடோ. அந்த மனிதர் நம் தெருவிலிருந்து குடிபெயர்ந்து போவதைப் போல நாங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

அப்போது க்ளோப் ஒரு காரியம் செய்தார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, தமக்குப் பின் வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரைப் பாட்டாகப் பாடத் தொடங்கினார். மைதானம் முழுவதும் கூடவே பாடியது. எங்கள் அறை பாடவில்லை. "யாரப்பா இந்த ஸ்லாட்? ஹாலந்திலிருந்து வருகிற மொட்டைத் தலையரா? கிறிஸ்துமஸ் வரை தாங்கமாட்டார்!" என்று ஒரு குரல் உரக்கக் கேட்டது. அறை கைதட்டி ஆர்ப்பரித்தது. அந்தக் குரல் என்னுடையது. இக்கட்டுரையை அந்தக் கைதட்டலுக்கு நான் செய்யும் பிராயச்சித்தம் என்று கொள்ளுங்கள்.

ஸ்லாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெயனூர்த் கழகத்தை 2023 இல் ஹாலந்து லீகில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கோப்பையையும் வென்றவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் அணி ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிக்காமல் தூக்குத் தண்டனை விதித்தால் நாம் சும்மா இருப்போமா?

என் கோபம் ஸ்லாட்மேல் அன்று. க்ளோப் போய்விட்டாரே என்ற ஆற்றாமைதான் அது. மாற்றாந்தாய்க் கொடுமையைப் பற்றி நம் நாட்டில் கதைகள் ஏராளம்; மாற்றாந்தாய்க்குப் பிள்ளைகள் செய்யும் கொடுமையைப் பற்றி ஏனோ கதைகள் குறைவு. புது மானேஜர் ஒருவர் வரும்போதெல்லாம் கால்பந்து உலகில் நடப்பது இந்த இரண்டாவது கதைதான்.

இதே லிவர்பூலில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் பிரிவில் கிடந்த கழகத்தை 1959 டிசம்பரில் கையில் எடுத்து, மூன்று முறை லீக் சாம்பியனாக்கிய பில் ஷாங்க்லி, 1974 ஜூலை 12 ஆம் தேதி திடீரென்று விலகினார். தெருவில் நின்ற சிறுவர்களிடம் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் இச்செய்தியைச் சொல்கிறார். அவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அந்தப் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. அந்தப் பிஞ்சு முகங்களைப் பார்த்தால் எவருக்கும் நெஞ்சு கனக்கும்.

அவருக்குப் பின் வந்தவர் பாப் பெய்ஸ்லி. 1939 முதல் அதே கழகத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர். மேடைப் பேச்சு வராதவர். பதவியைத் தயங்கித் தயங்கியே ஏற்றவர். ஷாங்க்லியோ ஓய்வு பெற்ற பிறகும் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்ட மாமியார் அடுக்களையை விட்டு நகராதது போல! ஆட்டக்காரர்கள் பழக்க தோஷத்தில் அவரைத்தான் தலைவர் என்று அழைத்தார்கள். பக்கத்தில் நின்ற பெய்ஸ்லிக்கு எப்படி இருந்திருக்கும்? முதல் பருவத்தில் அவருக்கு ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்பது பருவங்கள் முடிந்து 1983 இல் அவர் விலகியபோது கணக்கு இது: லீக் பட்டம் 6, ஐரோப்பியக் கோப்பை 3. ஷாங்க்லிக்கு ஐரோப்பியக் கோப்பை ஒன்றுகூட வாய்க்கவில்லை.

அதே 1974 கோடையில் லீட்ஸ் நகரிலும் ஒரு மாற்றம். லீக் சாம்பியனாக இருந்த லீட்ஸ் அணியின் மானேஜர் டான் ரெவி, இங்கிலாந்து தேசிய அணிக்குப் போனார். அவர் நாற்காலியில் வந்து அமர்ந்தவர் பிரையன் கிளஃப். இவர் யாரென்றால், லீட்ஸ்காரர்கள் முரட்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஊரறியத் தூற்றியவர்! ஆகஸ்ட் 10 ஆம் தேதி வெம்ப்ளி மைதானத்தில் லீட்ஸும் லிவர்பூலும் மோதின. ஒரு வரிசைக்கு முன்னால், விடைபெற்றுப் போகும் ஷாங்க்லி கடைசி மரியாதையாக நடந்து வந்தார். மற்ற வரிசைக்கு முன்னால் புதிதாய் வந்த கிளஃப். அன்று அவருக்கு அந்தப் பதவியில் ஐந்து வாரம்கூட மிச்சமில்லை. மொத்தம் 44 நாட்கள்தாம். செப்டம்பர் 12 ஆம் தேதி வெளியேற்றிவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். லீட்ஸ்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. கிளஃபின் முகத்தையோ ஊரையோ பார்த்து வந்த கோபம் அன்று அது. அவர் வாயிலிருந்து வந்த சொற்களால் வந்தது. சொன்னவர் சொன்னதற்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதே கிளஃப் பிறகு நாட்டிங்காம் பாரஸ்ட் அணியை 1978 இல் லீக் சாம்பியனாக்கினார். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை அதற்கு வாங்கித் தந்தார். திறமை அவரிடம் இருக்கத்தான் செய்தது. ஆனால் லீட்ஸ் ரசிகன் தவறு செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். செயலைக் கண்டு கோபிப்பது வேறு; ஆளைக் காணுமுன் கோபிப்பது வேறு.

நாங்கள் கண்ணீர் விட்டோமே, அந்த க்ளோப்பின் கதைக்கு வருவோம். அவர் 2015 அக்டோபரில் வந்தார். அடுத்த மாதம் 8 ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸ் அணி அன்ஃபீல்டில் 82 ஆவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டு 2-1 என்று முன்னேறியது. உடனே ரசிகர்கள் எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அந்தக் கணத்தில் தாம் மிகவும் தனிமையாக உணர்ந்ததாக ஆட்டத்துக்குப் பின் க்ளோப் சொன்னார். டிசம்பரில் வெஸ்ட் பிராமிச் அணியுடன் கடைசி நேரத்தில் கோல் அடித்து 2-2 என்று சமன் செய்ததும், ஆட்டக்காரர்களைக் கை கோத்து நிறுத்தி ரசிகர் கூட்டத்துக்கு நன்றி சொல்ல வைத்தார். சமநிலைக்கா இத்தனை ஆரவாரம் என்று எத்தனை பேர் நகைத்தார்கள்! அந்தப் பருவத்தில் லீகில் எட்டாம் இடம். ஆடிய இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தோல்வி. எந்த மனிதர் போகிறாரே என்று 2024 இல் மைதானமே அழுததோ, அந்த மனிதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்த மைதானமும் அதுவேதான்.

அயல்நாட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். 1996 இல் ஆர்சனல் கழகம் ஜப்பானிலிருந்து ஆர்சென் வெங்கர் என்ற பிரெஞ்சுக்காரரை அழைத்தபோது, இவர் யார் என்று லண்டன் பத்திரிகையொன்று கொட்டை எழுத்தில் கேட்டது. மூக்குக்கண்ணாடி போட்ட இந்தப் பள்ளி வாத்தியாருக்குக் கால்பந்து என்ன தெரியும் என்று தாம் எண்ணியதை அணித் தலைவர் டோனி ஆடம்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த வாத்தியாரின் அணிதான் 2003-04 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் வந்தது. இதைப் படிக்கும்போது நம் சங்கத்து நண்பர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். இந்த வடநாட்டு விடுதிக்கு நாம் வந்த முதல் வாரம், நாம் வாயைத் திறக்கும் முன்பே நம்மைப் பற்றி எத்தனை தீர்ப்புகள்! "மதராஸிக்கு இட்லியைத் தவிர வேறென்ன தெரியும்?" என்றவர்கள்மேல் நமக்கு வந்த கோபம் கொஞ்சமா? அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே ஹாலந்துக்காரரின் தலையைப் பார்த்து நான் தீர்ப்புச் சொன்னேன்.

என் அறைத் தோழர் இதைக் கேட்டுவிட்டு மறுத்தார். "பொறுத்திருந்தால் எல்லாரும் பெர்குஸன் ஆகிவிடுவார்களா? மோயஸ் என்ன ஆனார்?" என்றார். நல்ல கேள்வி. 2013 மே மாதம் அலெக்ஸ் பெர்குஸன் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு விலகியபோது, புதியவருக்குத் துணை நில்லுங்கள் என்று அவரும் மைதானத்தில் நின்று கேட்டுக்கொண்டவர்தான். டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னும் பொறுத்திருந்தால் யுனைடெட் தழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பொறுத்துப் பார், பெர்குஸன் கிடைப்பார் என்பது லாட்டரிச் சீட்டு வாங்கச் சொல்வது போன்றது. அந்த வாதம் எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது பொறுமையை அன்று, நியாயத்தை. பெர்குஸன் கதையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1986 நவம்பரில் அவர் வந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1989 டிசம்பரில், ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதி மைதானத்தில் தூக்கிப் பிடித்தார்: மூன்று ஆண்டாகச் சாக்குப்போக்குதான், போய்வாரும் என்பது அதன் சாரம். அடுத்த மே மாதம் பெர்குஸன் தம் முதல் கோப்பையை வென்றார். பிறகு 13 லீக் பட்டங்கள்! விரிப்பைப் பிடித்தவரை உலகம் இன்றுவரை கேலி செய்கிறது. நான் செய்யமாட்டேன். அவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர். மான்செஸ்டர் மழையில் மூன்று ஆண்டு உட்கார்ந்து பார்த்தவர். பார்த்த பிறகு சொன்னார், சொன்னது பிழையாயிற்று. அந்தப் பிழைக்கு ஒரு கண்ணியம் உண்டு. பார்க்காமலே சொன்ன என் பிழைக்கு எந்தக் கண்ணியமும் இல்லை. மோயஸைப் போகச் சொல்லி 2014 மார்ச்சில் சிலர் விமானத்தை வாடகைக்கு அமர்த்தி வாசகம் பறக்கவிட்டபோதுகூட, மைதானத்தில் இருந்த கூட்டத்தில் பெரும்பாலோர் மோயஸுக்குத்தான் கைதட்டினார்கள். கூச்சலிட்டது விமானத்தைப் பார்த்து! பக்கத்தில் இருப்பவனுக்கு மனிதனுடைய முகம் தெரிகிறது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்குப் புள்ளிப் பட்டியல் மட்டுமே தெரிகிறது. சீட்டுக்குக் காசும் தருவதில்லை, மழையிலும் நனைவதில்லை. ஆனால் கழுத்தை வெட்டு என்பதில் முதல் குரல் நம்முடையது.

ஸ்லாட் என்ன ஆனார் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? நான் கெடு வைத்த கிறிஸ்துமஸன்று லிவர்பூல் லீகில் முதலிடத்தில் இருந்தது. 2025 ஏப்ரல் 27 ஆம் தேதி டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று பட்டத்தைக் கைப்பற்றியது; அது அக்கழகத்தின் இருபதாவது லீக் பட்டம். ஸ்லாட் ஒலிபெருக்கியை வாங்கி, கடனைத் திருப்பித் தருவது போல, க்ளோப்பின் பெயரைப் பாடினார். எங்கள் பொது அறையில் நாற்காலிகள்மேல் ஏறி ஆடினார்கள். நானும் ஆடினேன். என் பழைய வாக்கை யாராவது நினைவூட்டிவிடப் போகிறார்களே என்று கொஞ்சம் பின்வரிசையில் நின்றுதான் ஆடினேன்.

ஏழு மாதம் சென்றது. இடையே ஜூலையில் அந்த அணி தன் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டாவைக் கார் விபத்தில் பறிகொடுத்திருந்தது. நவம்பரில் அதே அன்ஃபீல்டில் நாட்டிங்காம் பாரஸ்டிடம் 3-0. நான்கே நாளில் பி.எஸ்.வி. அணியிடம் 4-1. எங்கள் அறையில் நாற்காலிமேல் ஏறி ஆடிய அதே கால்கள் தரையை உதைத்தன. ஆட்டத்தைக் குறை சொன்னார்கள். சொல்லட்டும், பார்த்துவிட்டுத்தானே சொன்னார்கள்! தற்காப்பு ஓட்டை என்றார்கள். அது எனக்கும் தெரிந்தது. துக்கம் சுமக்கும் அணி இது என்று ஒருவர் மெல்லச் சொன்னார். இரைச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை.

கலைந்து போகும்போது முதலாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "அண்ணா, இவரை அனுப்பினால் அடுத்து யாரைக் கொண்டுவரலாம்?" என்றான்.

"யார் வந்தாலும் பத்து ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் தம்பி வாயைத் திறப்பேன்" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் கைபேசியில் மூன்று பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டை அடித்தும் வைத்திருந்தான்.