ஓடாத படமும் ஓங்கிய குரலும்

சென்ற ஆண்டு முத்தமிழ் மன்ற விழாவில் என் படம் ஓடவில்லை. எங்கள் ஊரில் பனையேறும் பெரியவர் ஒருவரைப் பற்றி நான் எடுத்த 12 நிமிடக் குறும்படம் அது. அந்தப் பெரியவரே இரண்டு பேருந்து மாறி, வெளுத்த வேட்டியோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பென் டிரைவைப் புரொஜெக்டரில் செருகினோம். கோப்பு எதுவும் இல்லை என்று திரையில் ஓர் ஆங்கில வரி வந்தது. கலையரங்கம் நிறைந்த கூட்டம் விசிலடிக்கத் தொடங்கியது.

நண்பன் ஒருவன் தன் மடிக்கணினியைத் திறந்து, அதே கோப்பை வேறொரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். இம்முறை பெயர் தெரிந்தது, படம் தெரியவில்லை. இவ்வகைக் கோப்பு இயங்காது என்றது கருவி. மற்றொருவன் கோப்பின் பெயருக்குப் பின்னிருந்த எம்.ஓ.வி. என்ற எழுத்துகளை அழித்துவிட்டு எம்.பி.4 என்று எழுதிப் பார்த்தான். பெயரை மாற்றினால் பிறவி மாறிவிடுமா? கணினியில் அழகாக ஓடும் படம் திரையில் ஓடவில்லை என்றால், அது அரங்க உதவியாளர் அண்ணனின் குற்றமே என்று அதற்குள் அரங்கமே தீர்ப்பு எழுதிவிட்டது. மேடையிலிருந்தே ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார். நானும் வாய்மூடி நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் அமர்ந்து ஆராய்ந்தபோது தெரிந்தது, அண்ணன் மீது எள்ளளவும் குற்றமில்லை என்பது. என் முதல் பென் டிரைவ் என்.டி.எப்.எஸ். என்னும் முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தது. கணினிக்கு அது தாய்மொழி. நம் கலையரங்கப் புரொஜெக்டருக்கோ பேட் 32 ஒன்றுதான் தெரியும். அந்த பேட் 32-இலும் ஒரு வில்லங்கம் உண்டு. தனிக் கோப்பு ஒன்று 4 ஜி.பி. அளவை எட்டிவிட்டால், டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஏறாது. இடம் போதவில்லை என்று எண்ணி, நல்ல படங்களை எல்லாம் அழித்த நண்பர்களை நான் அறிவேன். பார்மட் செய்தால் உள்ளிருப்பவை அழியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது தடைதான் பலரும் அறியாதது. எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி. என்பனவெல்லாம் வெறும் பெட்டியின் பெயர்கள். பெட்டிக்குள் காட்சி எம்முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. நான் இரவல் வாங்கிய கைப்பேசி, 2013-இல் வகுக்கப்பட்ட எச்.265 முறையில் பதிந்திருந்தது. 2003-இல் வந்த எச்.264-ஐவிட ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தெளிவைத் தருவது அது. ஆனால் நம் கருவி எச்.264 வரைதான் படித்திருக்கிறது. ஒலியும் இப்படித்தான், படம் ஓடி, ஓசை மட்டும் வராவிட்டால், அது டால்பி அல்லது டி.டி.எஸ். முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.ஏ.சி. முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் பேசத் தொடங்கிவிடும்.

அப்படியானால் நண்பனின் மடிக்கணினியில் மட்டும் எப்படி ஓடிற்று? அதில் இருந்தது வி.எல்.சி. பாரிசு நகரின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தங்கள் வளாக வலையில் வீடியோ பார்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்து, 2001-இல் உலகுக்கே இலவசமாகத் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. நம்மைப் போன்ற மாணவர்கள் செய்தது என்பதை நினைத்தால் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஏறத்தாழ எல்லா முறைகளையும் பிரித்துப் படிக்கும் திறனை அது தன்னுடனேயே சுமந்து திரிகிறது. புரொஜெக்டருக்கு உள்ளதோ செய்தவர் உள்ளே வைத்த திறன் மட்டுமே. மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் புரொஜெக்டரோடு இணைத்திருந்தால் அன்றே படம் ஓடியிருக்கும். கம்பி அலமாரிக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் படத்தை எச்.264-ஆகவும் ஒலியை ஏ.ஏ.சி.யாகவும் மாற்றி, பேட் 32 டிரைவில் ஏற்றிக்கொண்டு ஆளில்லாத அரங்கத்திற்குப் போனேன். செருகியவுடன் ஓடியது. "இவ்வளவுதானா தம்பி?" என்றார் அண்ணன். எனக்குப் பேச்சு எழவில்லை.

புதிய புரொஜெக்டர் வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். நான் இதற்கு உடன்படேன். எச்.265-ஐ அறிந்த கருவியை வாங்கி மாட்டுவதற்குள் 2018-இல் வந்த ஏ.வி.1 முறையில் யாராவது ஒரு படம் கொண்டுவருவர். அண்ணன் மறுபடியும் வசை வாங்குவார். நாடகத்திற்கு ஒத்திகை பார்க்கிறோம், பட்டிமன்றத்திற்கும் பார்க்கிறோம். படத்திற்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை? விழாவுக்கு முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் அரங்கத்தைத் திறந்துவிடட்டும். படம் தருவோர் அனைவரும் அதே கருவியில், அதே டிரைவில் ஓட்டிப் பார்க்கட்டும். அந்தக் கம்பியும் அலமாரியை விட்டு வெளியே வரட்டும். மன்றச் செயலரிடம் இதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெரியவரிடம் கேட்கப் போனபோது அவர் மரத்தின் மேல் இருந்தார். இறங்கி வந்து, "அடுத்த வருஷம் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். இவ்வாண்டு விழாவுக்குப் பேத்தியையும் அழைத்து வருகிறாராம்.