கிணற்றடி நிலத்தில் தைலமரம் நடலாமா?

கேள்வி: எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரி செம்மண் நிலம் இருக்கிறது. ஆள் கிடைக்காததால் கடலை போடுவதை நிறுத்திவிட்டோம். தைலமரம் நட்டால் வேலையே இல்லை என்கிறார்கள். நிலத்தின் ஓரத்தில் கிணறு இருக்கிறது. பக்கத்தில் அண்ணன் நெல் வைக்கிறார். நடலாமா?
- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சமவெளியில் தைலமரம், ஆர்.எஸ்.பதி மரம் என்றெல்லாம் சொல்வது பெரும்பாலும் 'யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ்' என்ற இனத்தையும் அதன் கலப்புகளையும்தான். நாவல், கொய்யா சேர்ந்த அதே குடும்பம். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி இதன் தாயகம். ஆடு, மாடு மேயாது. குறைந்த மழையிலும் நேராக வளரும். வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும். மானாவாரி விவசாயிகள் இதை நாடுவதற்கு இந்த மூன்றும்தான் காரணம். காகிதக்கூழ், சென்ட்ரிங் முட்டு, கம்பம், விறகு ஆகியவற்றுக்கு இந்த மரம் போகிறது.

செம்மண்ணும் சரளை மண்ணும் இதற்கு ஏற்றவை. சுண்ணாம்பு மிகுந்த நிலம் ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நட வேண்டும். 10 அடிக்கு 5 அடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 870 கன்றுகள் பிடிக்கும். ஓரடி ஆழக் குழியில் தொழுவுரமும், கரையானுக்காக வேப்பம்பிண்ணாக்கும் இட வேண்டும். விதைக்கன்று ஏற்ற இறக்கமாக வளரும். குளோன் கன்று ஒரே சீராக வளரும் என்பதால் அதுவே நல்லது. வாங்கும்போது இலை நரம்பிலும் காம்பிலும் முண்டு முண்டாகப் புடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முடிச்சுக் குளவியின் வேலை. அப்படிப்பட்ட கன்றை வாங்கக்கூடாது.

வேலையே இல்லை என்பது சரியல்ல. முதல் 2 ஆண்டு களை எடுத்தாக வேண்டும். கோடையில் சருகில் தீப்பிடிக்காதபடி ஓரங்களைச் செதுக்கி வைக்க வேண்டும். 4, 5 ஆண்டில் முதல் வெட்டு வரும். தரையிலிருந்து அரையடிக்குள், பட்டை கிழியாமல் சாய்வாக வெட்டினால்தான் மறுதாம்பு நன்றாக வரும். துளிர்த்த சில மாதங்களில் கட்டைக்கு ஒன்றிரண்டு வலுவான தளிரை விட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். வெட்டிய மரம் நாளுக்கு நாள் காய்ந்து எடை குறையும். அதனால் வண்டிக்கும் எடைக்கும் ஏற்பாடு செய்த பிறகே கோடரியை எடுப்பது நல்லது.

இனி கிணற்று விஷயம். தைலமரம் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரம். கடலைபோல் சில மாதம் நீர் எடுத்துவிட்டு நிலத்தை விட்டுப் போவதில்லை. கர்நாடகத்தின் ஹோஸ்கோட் பகுதியில் நடந்த ஆய்வில், ஆழமான மண்ணில் நின்ற இளம் தைலத்தோப்பு அந்த ஆண்டுகளில் பெய்த மழையைவிட அதிக நீரை எடுத்தது தெரியவந்தது. வேர் கீழே இறங்கி, மண்ணில் முன்பே சேர்ந்திருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. கர்நாடக அரசு 2017-இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்ததற்கு நிலத்தடி நீர்க் கவலையே காரணம். பெரிய தோப்புகளில் போடும் வரப்புகளால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோகிறது என்பது புதுக்கோட்டை விவசாயிகளின் நெடுநாள் புகார்.

ஆகவே வாசகரின் நிலத்துக்குத் தைலமரம் வேண்டாம். கிணறு அவருடையது மட்டுமல்ல. அதே ஊற்றைத்தான் அண்ணனின் நெல்லும் நம்பியிருக்கிறது. வரப்போரம் நிழலும் வேரும் சேர்ந்து பக்கத்துப் பயிரையும் அடிக்கும். இன்னொரு செலவையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுபடி கடலை போட நினைத்தால், ஒவ்வொரு கட்டையையும் இயந்திரம் வைத்துத்தான் பறிக்க வேண்டும். அந்தக் கூலி கடைசி வெட்டின் லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

ஆள் பற்றாக்குறைதான் சிக்கல் என்றால், அந்தப் பகுதிக்குப் பழகிய முந்திரியும், வரப்போரம் வேம்பும் வைக்கலாம். கிணறும் கண்மாயும் அருகில் இல்லாத, வேறு பயிர் எடுக்காத மேட்டு நிலம் உள்ளவர்கள் தைலமரத்தை யோசிக்கலாம். அவர்களும் முதலில் பக்கத்து ஊர்த் தோப்பில் ஏக்கருக்கு எத்தனை டன் வெட்டினார்கள், கையில் எவ்வளவு நின்றது என்று கேட்டுக்கொள்வது நல்லது. வியாபாரி சொல்லும் கணக்கைவிட அது நம்பகமானது.

கேள்வி: இந்த மரத்து இலையில் நீலகிரித் தைலம் எடுத்து விற்கலாமா?
- வாசகி, அரியலூர்

பதில்: நீலகிரித் தைலம் கிடைப்பது 'யூகலிப்டஸ் குளோபுலஸ்' என்ற வேறு இனத்திலிருந்து. விறகுத் தேவைக்காக 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த அந்த மரம் மலைக் குளிரில்தான் செழிக்கும். எலுமிச்சை வாசம் வீசும் இனமும் தனி. அதன் எண்ணெய் சோப்புக்கும் வாசனைப் பொருளுக்கும் போகிறது. சமவெளித் தைலமரத்தை எண்ணெய்க்காக நட வேண்டாம். அதன் வருமானம் மரத்தில்தான்.